மெக்ஸிக்கோ நாட்டு மட்கணப்பு

தோற்றுவாய்

மண்ணும் தீயும் மக்கள் வாழ்க்கையில் மிகப் பழைய தோழர்கள். பச்சை மண்ணைச் சுட்டுக் கலமாக்குவது தீ; அத்தீயை அடக்கி, அடுப்பாகவும் அகலாகவும் நமக்கு உதவச் செய்வது மண். இவ்விரண்டும் ஒருங்கு கூடி அமைந்த பொருள்கள் பலவற்றுள் ஒன்று, மெக்ஸிக்கோ நாட்டிற் பிறந்து இன்று பல நாடுகளிலும் தோட்டங்களில் வைக்கப்பெறும் மட்கணப்பு. ஸ்பானிய மொழியில் அதனைச் 'சிமெனேயா' என்பர். அதன் பெயர், உருவம், தொழிற்படும் முறை, பேணும் வகை ஆகியவற்றை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

இப்பொருளை யாம் எடுத்துக்கொண்டமைக்கு ஒரு காரணம் உண்டு. அதனை மறையாது கூறிவிடுதல் நலம். சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில், மலைநாட்டில் வாழும் எம் சிற்றப்பா இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவர் தோட்டத்தில், மூன்று கால் இரும்பு முக்காலியின்மேல், பருத்த வயிறும் நீண்ட கழுத்தும் உடைய புதிய மட்கலம் ஒன்று இருந்தது. மெக்ஸிக்கோ நாட்டு முறையைப் பின்பற்றி வனையப்பெற்ற அதனை, அவர் பல நாள் பணம் சேர்த்து வாங்கியிருந்தார். ஒரு மாலை அவர் வெளியே சென்றிருந்தபோது, யாமும் எம் சிற்றப்பா மக்களும் கூடி அதனுள் விறகைத் திணித்துத் தீ மூட்டினோம். சுடர் கழுத்தின் வழியே மேலெழக் கண்டு ஆரவாரித்தோம். சித்தி உணவிற்கு அழைத்தவுடன், தீயை விட்டுச் செல்லுதல் தகாது என்று எண்ணி, ஒரு குடம் நீரை அதனுள் ஊற்றினோம். வெடி வெடித்தாற்போன்ற ஓசையுடன் கலம் வாயிலிருந்து கழுத்துவரை பிளந்தது.

இரவில் வந்த சிற்றப்பா எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "பானை போனாற் போகட்டும், தம்பி. ஏன் போயிற்று என்பதை மட்டும் படித்தறிந்து எனக்கு எழுது" என்றார். கடிந்திருந்தால் அன்றே மறந்திருப்போம். கடியாமையின் மறக்க இயலவில்லை. இக்கட்டுரை அவர்க்கு யாம் செலுத்தும் கடனும் ஆகும்.

பெயர்க் காரணம்

சொல்லின் வரலாற்றை முதற்கண் நோக்குவாம். 'சிமெனேயா' என்னும் ஸ்பானியச் சொற்குப் புகைபோக்கி என்றும், சுவரில் அமைந்த கணப்பு என்றும் பொருள் உண்டு. தோட்டத்து மட்கலத்தைக் குறிக்கும்போது ஆங்கிலம் பேசுவோர் இடையிலுள்ள உயிரெழுத்தைத் திரித்துச் 'சிமினியா' என வழங்குகின்றனர். இச்சொல் பிரெஞ்சு மொழியில் 'ஷெமினே' எனவும், ஆங்கிலத்தில் 'சிம்னி' எனவும் நிற்கும். மண்ணெண்ணெய் விளக்கின் கண்ணாடிக் கூட்டை நம் நாட்டு மக்கள் 'சிம்னி' என்று வழங்குவதை யாவரும் அறிவர். ஆகவே, கடல் பல கடந்த நாட்டில் குயவன் வனைந்த கணப்பும், நம் பாட்டியர் சாம்பலிட்டுத் துடைத்து வைத்த விளக்குக் கூடும் பெயரளவில் உடன்பிறந்தவை.

இவையனைத்திற்கும் மூலம் இலத்தீன் மொழியில் உள்ள 'காமினுஸ்'; அதற்கும் மூலம் கிரேக்கத்தில் உள்ள 'காமினோஸ்'. கிரேக்கச் சொற்குச் சூளை, உலை என்பன பொருள். தானியேல் ஆகமத்தில் மூன்று எபிரேய இளைஞர் எறியப்பெற்ற தீச்சூளையைப் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு இச்சொல்லாலேயே குறிக்கின்றது. சூளையிற் பிறக்கும் மட்கலம் ஒன்று சூளை என்னும் பொருளுடைய பெயரையே தாங்கி நிற்றல் வியக்கற்பாலது.

தமிழில் இதற்கு ஏற்ற சொல் யாது? குளிர்காய்வதற்குத் தீ வைக்கும் இடத்தையும் கலத்தையும் 'கணப்பு' என்னும் சொல் குறிக்கும். ஆகலின், 'மட்கணப்பு' என்று யாம் இதனை வழங்குவாம்.

பிறந்த நாடு

மெக்ஸிக்கோ வெப்ப நாடு என்று பலரும் கருதுவர். கடற்கரைப் பகுதிக்கு அது பொருந்தும். நாட்டின் நடுப்பகுதியோ உயர்ந்த பீடபூமி. தலைநகரான மெக்ஸிக்கோ நகர் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது; அதாவது, நம் உதகமண்டலத்தின் உயரத்தை ஒத்தது. இத்தகைய இடங்களிற் பகல் இனிதாயினும், குளிர்காலத்து இரவுகள் நடுக்கம் தருவன. தீயின் அருமையை அந்நாட்டு மக்கள் நன்கு அறிந்தமைக்கு இது காரணம் ஆகலாம்.

ஸ்பானியர் வருகைக்கு நெடுங்காலம் முன்னரே அம்மக்கள் தீயை மண்ணோடு இணைத்துப் போற்றினர். மெக்ஸிக்கோ நகரின் தெற்கே உள்ள குயிகுயில்கோ என்னும் பழம்பதியில், தலையிலே தீச்சட்டியைத் தாங்கிக் கூனி அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவரின் உருவம் சுடுமண்ணிற் கிடைத்துள்ளது. பின்னாளில் தெயோத்திவாக்கான் நகரத்தார் அதே உருவத்தைக் கல்லிற் செதுக்கினர். வேவேதெயோத்ல் என்று பெயர் கொண்ட அத்தெய்வத்தின் பெயர்க்கு 'முதிய தெய்வம்' என்பதே பொருள். தெய்வங்களுள் மூத்தது தீயே என அவர்கள் கருதினர் போலும்.

ஆஸ்தெக்கு மக்களிடை 52 ஆண்டுகட்கு ஒருமுறை ஒரு சடங்கு நிகழ்ந்தது. அன்றிரவு வீட்டடுப்பு முதலாகக் கோயில் விளக்கு ஈறாக எல்லாத் தீயையும் அவித்துவிடுவர். இருளில் மக்கள் அஞ்சிக் காத்திருப்பர். நகரின் அருகே உள்ள குன்றொன்றில், உயிர்ப்பலியோடு கூடிய கொடிய முறையில், பூசாரியர் தீக்கடைகோலாற் புதுத்தீ எழுப்புவர். அங்கிருந்து பந்தங்களில் ஏந்திச் செல்லப்பெற்ற தீ மீண்டும் இல்லந்தோறும் அடுப்பை அடையும். இச்சடங்கு இறுதியாக நிகழ்ந்தது 1507-ஆம் ஆண்டில். அடுத்த 52 ஆண்டுகள் நிறையுமுன், 1521-இல், அவர்தம் தலைநகர் ஸ்பானியர் கையில் வீழ்ந்தது.

இல்லத்து அடுப்பு எளியது. மூன்று கற்களை வைத்து, அவற்றின்மேல் 'கோமால்' என்னும் மட்டட்டை ஏற்றி, மக்காச்சோள மாவால் ஆகிய அடைகளைச் சுடுவர். இவ்வடுப்பும் தட்டும் இன்றும் சிற்றூர்களில் மறையவில்லை.

குயத்தொழிலிலும் அந்நாட்டார் வல்லவர். ஆயினும் குயவன் திகிரியை அவர்கள் அறிந்திலர். மண்ணைக் கயிறுபோல் திரித்துச் சுற்றியும், அச்சுகளின்மேல் அழுத்தியும், கையாலே கலங்களை ஆக்கினர். சக்கரமும் பளபளக்கும் மெருகுப் பூச்சும் ஸ்பானியரோடு வந்தவை. புகைபோக்கி என்னும் பெயரும் அவர் மொழிக்கு உரியது. ஆகலின், மட்கணப்பு என்பது பழங்குடியினரின் கைத்திறமும் ஐரோப்பியரின் புகைபோக்கியும் கலந்து பிறந்தது எனக் கொள்ளுதல் பொருந்தும்.

மேற்கே ஹலிஸ்கோ மாநிலத்துத் தலைநகரான குவாதலஹாராவை அடுத்துள்ள தொனலா, த்லாகேபாகே என்னும் இரண்டு ஊர்களும் மட்கலத் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. தொனலாவில் தேய்த்து மெருகிட்ட நறுமண நீர்க்கலங்கள் பதினேழாம் நூற்றாண்டிலேயே கப்பலேறி ஐரோப்பாவிற்குச் சென்றன. மட்கணப்பு வெளிநாட்டிற்குப் பெருவாரியாகச் சென்றது அண்மைக் காலத்தில். 1990-களில் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் பின்னர் இங்கிலாந்திலும் அது தோட்டந்தோறும் இடம்பெறலாயிற்று.

உருவமைப்பும் வனையும் முறையும்

மட்கணப்பிற்கு உறுப்புகள் மூன்று. முதலாவது, பேரிக்காய்போற் பருத்த வயிறு. தீ எரியும் இடம் இதுவே. இரண்டாவது, வயிற்றின் முன்புறத்தில் அமைந்த ஒரே வாய். விறகு இடுவதும், காற்றுப் புகுவதும், வெம்மை வெளிப்போந்து நம்மேற் படுவதும் இவ்வாயின் வழியே. மூன்றாவது, மேலே நிமிர்ந்து நிற்கும் கழுத்து. புகை செல்லும் வழி அது. கலத்தைத் தாங்குவதற்கு மூன்று கால் இரும்பு வளையம் ஒன்றும், மழைக்கு மூடுவதற்கு மண் மூடி ஒன்றும் துணைப்பொருள்கள்.

நன்கு குழைத்த களிமண்ணோடு மணலையோ, சுட்ட ஓட்டை இடித்த பொடியையோ கலத்தல் இன்றியமையாதது. தூய களிமண் உலருங்கால் மிகச் சுருங்கும். சூடேறுங்கால் எளிதில் வெடிக்கும். இடையிடையே கலந்த மணல் அச்சுருக்கத்தைக் குறைப்பதோடு, சிறு வெடிப்பு ஒன்று தோன்றினும் அது மேலும் ஓடாதவாறு வழிமறித்து நிற்கும். நம் நாட்டுக் குயவரும் அடுப்பு மண்ணில் உமியும் மணலும் கலப்பது இக்காரணம் பற்றியே.

வயிற்றை முதலில் ஆக்கி, அது தன் பாரத்தைத் தானே தாங்கும் அளவிற்கு இறுகியபின், கழுத்தை அதன்மேற் பொருத்துவர். ஈரம் முற்றும் புலராத பதத்தில், கத்தியால் வாயை அறுத்தெடுத்து விளிம்பைத் தடிப்பாக்குவர். கழுத்து வயிற்றோடு இணையும் இடமும், வாயின் விளிம்பும் இக்கலத்தின் மெலிந்த இடங்கள். எனவே அவ்விரு இடங்களிலும் மண்ணை மிகுதியாக அப்பி வலுவூட்டுவது வழக்கம். பின்னர் நிழலிற் பல நாள் உலர்த்திச் சூளையில் இடுவர்.

சூளையில் வெப்பம் ஏற ஏற, முதலில் ஈரம் ஆவியாகின்றது. 500 முதல் 600 பாகை செல்சியஸ் அளவில், மண்ணின் அணுக்களோடு பிணைந்திருந்த நீரும் நீங்குகின்றது. அதன்பின் அம்மண்ணை எத்துணை நாள் நீரில் ஊற வைப்பினும் மீண்டும் சேறாகாது. மட்கணப்பு பொதுவாக 1,000 பாகைக்குக் குறைந்த வெப்பத்திலேயே சுடப்படுகின்றது. அதனால் அது பீங்கான்போல் இறுகாமல், நுண்டுளைகள் நிறைந்ததாய், நம் பூந்தொட்டியின் இயல்போடு நிற்கின்றது. இந்நுண்டுளைகளே அதற்கு வலிமையும் நோயும் ஆகின்றன. எவ்வாறு எனப் பின்னர்க் காண்பாம்.

தீ எரியும் இயல்பு

வெட்டவெளியில் மூட்டிய தீ காற்று வீசும் பக்கமெல்லாம் சாய்ந்து, சூழ்ந்திருப்போர் கண்களிற் புகையை நிறைக்கும். மட்கணப்பின் தீ அவ்வாறு செய்வதில்லை. இதன் காரணம் எளிய பௌதிக நூல் உண்மை.

20 பாகை வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோ. அதே அளவுள்ள காற்று 300 பாகைக்குச் சூடேறினால், அதன் எடை ஏறத்தாழ 0.6 கிலோ, அதாவது பாதி. கழுத்தினுள் நிற்கும் சூடான காற்றுத் தூண், வெளியே நிற்கும் குளிர்ந்த காற்றுத் தூணினும் இலேசானது. ஆகலின் கனத்த காற்று கீழே வாயின் வழியே உள்ளே தள்ளிப் புக, இலேசான காற்று புகையையும் ஏந்திக்கொண்டு மேலே செல்லும். தராசின் ஒரு தட்டுத் தாழ மறு தட்டு எழுவதை ஒக்கும் இது. கழுத்து எத்துணை உயரமோ, உள்ளே எத்துணை வெம்மையோ, அத்துணை இழுப்பு உண்டாகும்.

இதனால் ஒன்று விளங்கும். கலம் குளிர்ந்திருக்கும்போது கழுத்தில் இழுப்பு இல்லை. தீ மூட்டிய முதற் சில நிமிடங்களிற் புகை வாயின் வழியே வெளிவருதல் இயற்கை. சிறு சுள்ளிகளால் முதலிற் கழுத்தைச் சூடாக்கிக்கொண்டால், பின்னர் இடும் விறகின் புகை தானே மேல்நோக்கிச் செல்லும். பொறுமையற்றுப் பெரிய கட்டைகளை முதலிலேயே அடுக்குவோர் புகையால் வருந்துவர்.

விறகைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். கட்டை நேராக எரிவதில்லை. வெம்மையால் அதிலிருந்து ஆவிகள் வெளிப்படுகின்றன. சுடராய் எரிவன அவையே. எரியாமல் தப்பிய ஆவியும் கரித்துகளும் சேர்ந்ததே நாம் காணும் புகை. ஆகவே புகை என்பது வீணாகிய விறகு என்று கூறினும் தவறாகாது. அன்று வெட்டிய பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீர். ஒரு கிலோ நீரை ஆவியாக்க 540 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். பச்சை விறகை இடுவோர், தம்மைக் காய்ச்சுவதற்கு முன்னர் அந்நீரைக் காய்ச்சுகின்றனர். சுடரும் குளிர்ந்து புகை பெருகும். ஓராண்டேனும் உலர்ந்து, நீர் ஐந்தில் ஒரு பங்கிற்குக் குறைந்த விறகே கணப்பிற்கு ஏற்றது. மெக்ஸிக்கோவிலும் அதன் வடவெல்லையை அடுத்த அமெரிக்க மாநிலங்களிலும் வளரும் பிஞோன் என்னும் பிசின் மிக்க ஊசியிலை மரத்தின் விறகை, அதன் நறுமணம் கருதி மட்கணப்பில் விரும்பி இடுவர்.

கலம் உடைவது ஏன்?

இனி எம் சிற்றப்பாவின் வினாவிற்கு விடை கூறுவாம். சூடான பொருள் விரியும் என்பது சிறு வகுப்பிற் கற்ற பாடம். இரும்பினுள் வெப்பம் விரைந்து பரவும். மண்ணிலோ மிக மெல்லப் பரவும். மட்கணப்பினுள் பெருந்தீ மூட்டினால் உட்புறம் விரைந்து விரியும். வெளிப்புறமோ இன்னும் குளிர்ந்து, விரியாது நிற்கும். உள்ளே விரிய முயலும் மண், வெளியே உள்ள மண்ணை இழுக்கின்றது. சுட்ட மண் அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. எனவே வெளிப்புறத்தில் வெடிப்புத் தோன்றும்.

தண்ணீர் ஊற்றும்போது நிகழ்வது இதற்கு மறுதலை. உட்புறம் திடுமெனக் குளிர்ந்து சுருங்க, பின்னுள்ள மண் விரிந்தே நிற்கும். இழுப்பு இப்பொழுது உட்புறத்தின்மேல் விழுகின்றது. அதனோடு, நுண்டுளைகளிற் புகுந்த நீர் நொடிப்பொழுதில் ஆவியாகின்றது. நீர் ஆவியாகுங்கால் ஏறத்தாழ 1,700 மடங்கு இடம் வேண்டும். அவ்விடம் கிடையாதபோது மண்ணைப் பிளந்துகொண்டு வெளியேறும். யாம் செய்த இரு பிழைகளும் ஒன்றன்பின் ஒன்றாக அக்கலத்தைத் தாக்கின. வாயிலிருந்து கழுத்துவரை, மெலிந்த இடம் பார்த்தே அது பிளந்தது.

முன்னர் நுண்டுளைகள் வலிமையும் நோயும் ஆம் என்றோம். வலிமையாவது, துளைகள் மண்ணிற்குச் சிறிது இடங்கொடுத்து, மெல்லச் சூடேறும்போது அது நெகிழ்ந்து கொடுக்கத் துணைபுரிதல். நோயாவது, மழைநீரை அவை உறிஞ்சி வைத்துக்கொள்ளுதல். நனைந்த கலத்தில் தீ மூட்டினால் ஆவி பிளக்கும். பனி உறையும் நாடுகளில், உறிஞ்சிய நீர் பனிக்கட்டியாகிப் பத்தில் ஒரு பங்களவு பருத்து, தீயே இன்றியும் கலத்தைச் சிதைக்கும்.

பழக்குதலும் பேணுதலும்

புதிய மட்கணப்பைத் தீக்குப் பழக்க வேண்டும். புதுக்கன்றை ஏரிற் பழக்குவது போன்றது இது. முதலில், வயிற்றின் அடியில் மூன்று நான்கு விரற்கடை உயரத்திற்கு மணலோ சிறு கல்லோ பரப்புக. தணல் நேரே மண்ணைத் தொடாதிருத்தற்கு இது காப்பு. அதன்மேற் காகிதமும் சுள்ளியும் மட்டும் கொண்டு சிறுதீ மூட்டி, அது தானே அவிந்து, கலமும் தானே ஆறும்வரை விட்டுவிடுக. மறுநாள் சற்றே பெரிய தீ. அடுத்த நாள் அதனினும் சிறிது பெரியது. இவ்வாறு ஐந்தாறு முறையேனும் செய்தபின்னரே விறகு இடுதல் வேண்டும். அதன்பின்னரும் சுடர் கழுத்தின் மேலே தலைகாட்டுதல் ஆகாது. அது தீ மிகுந்தமைக்கு அடையாளம்.

தீயை அவிக்க மணலைத் தூவுக. அன்றி, எரிந்து அடங்கும்வரை காத்திருக்க. நீரை ஒருபோதும் ஊற்றற்க. கலம் சூடாயிருக்கும்போது நகர்த்தற்க. ஆறியபின்னரும் கழுத்தைப் பிடித்துத் தூக்கற்க. மழைக்காலத்தில் மூடியிட்டு, தரையின் ஈரம் ஏறாதவாறு உயர்த்தி, காற்றுப் புகும் உறையால் மூடி வைக்க. மரத்தளத்தின்மேலும், தாழ்ந்த கூரையின் கீழும், உலர்ந்த சருகின் அருகிலும் வைத்தல் கேடு.

எல்லாவற்றினும் முதன்மையான எச்சரிக்கை ஒன்று உண்டு. குளிர் மிகுதி என்று கருதி, எரியும் கணப்பையோ தணலையோ அடைத்த அறையினுள்ளும் கூடாரத்தினுள்ளும் கொண்டுசெல்லற்க. குறைவாக எரியும் கரியிலிருந்து பிறக்கும் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவிற்கு நிறமும் மணமும் இல்லை. உறங்குவோரை எழுப்பாமலே கொல்லும் தன்மையது.

தோட்டத்துப் புகையும் அடுக்களைப் புகையும்

மட்கணப்பு மெக்ஸிக்கோவில் முதற்கண் வீட்டிற்கு உரிய பொருளாய் இருந்தது. சாளரத்தின் அருகிலோ, கூரையில் திறப்புள்ள இடத்திலோ வைத்துக் குளிர்காய்ந்தனர். அதிலேயே சமைத்தும் உண்டனர். இன்று அது செல்வர் தோட்டத்தில் மாலைப்பொழுதை இனிதாக்கும் அணிகலன். வார்ப்பிரும்பாலும் அலுமினியத்தாலும் அவ்வுருவையே வார்த்து விற்கின்றனர். அவை எளிதில் உடையா. ஆயினும் தொட்டாற் சுடுவன. தீ அவிந்தபின் விரைவில் ஆறுவன. தடித்த மண்ணோ உண்ட வெம்மையை மெல்ல மெல்ல உமிழ்ந்து, தீ அவிந்தபின்னரும் சிறிது நேரம் துணையிருக்கும்.

தோட்டத்திற் புகை எழுந்தால் நாம் நாற்காலியை நகர்த்திக்கொள்வோம். அடுக்களையில் நிற்கும் தாய் எங்கே நகர்வாள்? உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, விறகு, சாணம், கரி முதலியவற்றை வீட்டினுள் எரிப்பதால் உண்டாகும் தீய காற்று 2020-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 32 இலட்சம் மக்களின் இறப்பிற்குக் காரணமாயிற்று. அவருள் 2,37,000-க்கு மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். இவ்வெண்ணைப் படித்தபோது, எம் பாட்டியார் ஊதுகுழலும் கையுமாய், கண்ணீர் வடிய அடுப்பின் முன் இருமிக்கொண்டிருந்த காட்சி எம் நினைவிற்கு வந்தது. அவ்விருமலை யாம் முதுமையின் குறை என்றே அந்நாளிற் கருதியிருந்தோம்.

மெக்ஸிக்கோ நாட்டார் இதற்கு ஒரு வழி தேடினர். மிச்சோவாக்கான் மாநிலத்தில், பட்ஸ்குவாரோ ஏரியைச் சூழ்ந்த புரெப்பெச்சா மக்களின் சிற்றூர்களுக்கென, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் 'பாட்சாரி' என்னும் அடுப்பு அமைக்கப்பெற்றது. 'காப்பது' என்னும் கருத்துடைய அம்மக்கள் மொழிச் சொல் அது. செங்கல்லும் மண்ணும் மணலும் சிறிது சிமிட்டியும் கொண்டு கட்டி, மேலே கோமால் தட்டையும், கூரைக்கு வெளியே புகையைக் கொண்டுசெல்லும் குழாயையும் பொருத்தினர். மூன்று கல் அடுப்போடு ஒப்பிட, விறகு ஏறத்தாழப் பாதி மிஞ்சியது. 2009-இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று, அவ்வடுப்பை உண்மையிலேயே நாடோறும் பயன்படுத்திய பெண்டிர்க்கு இருமலும் மூச்சுத் துன்பமும் குறைந்தன என்று காட்டிற்று. ஆனால் அடுப்பைப் பெற்றவருள் ஏறத்தாழப் பத்தில் மூவரே அதனை முதன்மையாகப் பயன்படுத்தினர் என்பதையும் அவ்வாராய்ச்சி மறைக்கவில்லை. பழகிய அடுப்பைக் கைவிடுதல் எளிதன்று. புதிய கலத்தைத் தீக்குப் பழக்க வேண்டுவதுபோல, மக்களையும் புதிய அடுப்பிற்குப் பொறுமையோடு பழக்க வேண்டும்; கொடுத்துவிட்டு அகலுதல் போதாது.

இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே. கீழே ஒரு வாய், நடுவே ஒரு வயிறு, மேலே ஓர் உயர்ந்த கழுத்து. தோட்டத்தில் நம் மாலைப்பொழுதிற்கு இன்பம் தரும் அக்கழுத்து, அடுக்களையில் ஒரு குழந்தையின் மூச்சைக் காக்கின்றது.

முடிவுரை

யாம் உடைத்த கலத்தின் அடிப்பகுதி மட்டும் சிதையாமல் எஞ்சியது. சித்தி அதில் மண் நிரப்பிக் கற்பூரவல்லி நட்டிருக்கின்றார். சிற்றப்பா மீண்டும் ஒன்று வாங்கியுள்ளார் என்று அண்மையில் எழுதினார். "இன்னும் தீ மூட்டவில்லை. பழக்கும் வேலையை உனக்கென்று வைத்திருக்கிறேன்" என்பது அக்கடிதத்தின் இறுதி வரி. வரும் விடுமுறையில், நாளைக்கு ஒரு பிடி சுள்ளியாக, ஆறு நாள் அப்பணியைச் செய்யக் கருதியுள்ளோம்.

குயவன் பல நாள் வனைந்து உலர்த்திச் சுட்டதை உடைக்க எமக்கு ஒரு குடம் நீரும் ஒரு நொடியும் போதுமாயிருந்தன. அந்நொடியில் யாம் செய்யத் தவறியது, காத்திருத்தல் ஒன்றே. இதனைப் படிக்கும் நண்பர் எவரேனும் தம் இல்லத்திலோ உறவினர் இல்லத்திலோ இத்தகைய கலம் ஒன்றைக் காண்பாராயின், தீ தானே அவியும்வரை சற்றே அமர்ந்திருப்பாராக.